சுழல் துப்பாக்கியின் இரு பூட்டுகள்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்காவில் சுழல் துப்பாக்கிக்குள் (ரிவால்வர்) அமைக்கப்படும் பாதுகாப்புப் பூட்டைப் பற்றிய கருத்துமோதல், 2000-ஆம் ஆண்டின் அரசியலில் தோன்றியதாகவே பெரிதும் கருதப்படுகிறது. ஒரே நிறுவனம் வெவ்வேறு காலங்களில் உருவாக்கிய இரு பாதுகாப்பு அமைப்புகளை ஒப்பிட்டு, இக்கருத்தை மீளாய்வு செய்ய இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம், 1880-களின் பிற்பகுதியில் சுத்தியல் வெளியே தெரியாத சுழல் துப்பாக்கியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கைப்பிடியின் பின்புறம் ஒரு பட்டை இருந்தது. உள்ளங்கை அதனை இறுக அழுத்தினாலன்றித் துப்பாக்கி இயங்காது. பிடியையும் விசையையும் ஒருசேர அழுத்தும் வலிமை சிறு குழந்தைக்கு இராது என்பதே இதன் அடிப்படை. குழந்தையொன்றுக்கு நேர்ந்த விபத்தே இதற்குத் தூண்டுதல் என்பர். அதனைச் செவிவழிச் செய்தியாகவே நாம் கொண்டாலும், இவ்வகைத் துப்பாக்கி சுமார் அரை நூற்றாண்டுக் காலம் விற்பனையில் நிலைத்தது என்பது கருதத்தக்கது.

இரண்டாம் பூட்டின் பின்னணி வேறு. அமெரிக்க நகராட்சிகள் பல துப்பாக்கி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்திருந்த சூழலில், 2000 மார்ச் 17-ஆம் நாள் இந்நிறுவனம் கிளிண்டன் அரசுடன் ஓர் உடன்பாடு கண்டது. இரண்டாண்டுகளுக்குள் உட்பூட்டு அமைப்பதும் அதன் கூறுகளுள் ஒன்று. துப்பாக்கி உரிமையாளர் பலர் நிறுவனத்தைப் புறக்கணித்தனர்; விற்பனை சரிந்தது. பிரிட்டனைச் சேர்ந்த டாம்கின்ஸ் குழுமம், 1987-இல் 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய நிறுவனத்தை, 2001-இல் ஏறத்தாழ 1.5 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியதோ சேஃப்-டி-ஹாமர் என்னும் துப்பாக்கிப் பூட்டு நிறுவனம். அதன்பின் வந்த சுழல் துப்பாக்கிகளின் இடப்பக்கத்தில் சாவித்துளை இடம்பெற்றது. சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு சிறு தகடு சுத்தியலைத் தடுத்து நிறுத்தும்.

குழந்தைகளின் உயிரைக் காப்பது பூட்டு என்றனர் ஆதரவாளர். மேரிலாந்து மாநிலம் 2000-இல் இயற்றிய சட்டம், 2003 முதல் புதிய கைத்துப்பாக்கிகளுக்கு உட்பூட்டைக் கட்டாயமாக்கியது. சுடும்போது ஏற்படும் அதிர்வில் தகடு தானே நகர்ந்து, தற்காப்புக்குத் தேவைப்படும் நேரத்தில் துப்பாக்கி முடங்கிவிடலாம் என அஞ்சினர் எதிர்ப்பாளர்.

இவ்வெதிர்ப்பு முற்றிலும் அரசியல் சார்ந்ததா? புறக்கணிப்பு 2000-இலேயே எழுந்தது. அப்பூட்டைப் பயன்படுத்திய பட்டறிவு அப்போது எவருக்கும் வாய்த்திருக்கவில்லை. ஆகவே, முதற்சினம் உடன்பாட்டின்மீதே எழுந்தது எனலாம். ஆயினும், அடுத்து வந்த புஷ் அரசு உடன்பாட்டை நடைமுறைப்படுத்தாது விட்ட பின்னரும் பூட்டின்மீதான ஐயம் தணியவில்லை. காலப்போக்கில் பூட்டில்லாத மாதிரிகள் சிலவற்றை நிறுவனமே மீண்டும் வெளியிட்டது. எனவே இயந்திரம் பற்றிய அச்சத்தை வெறும் சாக்கு என ஒதுக்குதல் பொருந்தாது.

இரு பூட்டுகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இங்கே புலனாகிறது. முதலாவது, துப்பாக்கியைக் கீழே வைத்த கணமே தானாகப் பூட்டிக்கொள்ளும். எடுத்துப் பிடித்தால் திறக்கும். இரண்டாவதோ, உரிமையாளர் நினைவுகூர்ந்து சாவியைத் திருப்பினாலன்றிப் பூட்டாது. பூட்டை நம்பாதவர் அதனைத் திருப்பப் போவதில்லை. அவர் வீட்டுக் குழந்தைக்குச் சட்டம் வழங்கிய காவல், பயன்படாத சாவித்துளையாகவே எஞ்சுகிறது. பாதுகாப்புக் கருவியின் வரலாற்றை ஆராய்வோர், அதன் அமைப்போடு அதைப் பயன்படுத்துவோரின் நம்பிக்கையையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பது நம் முடிபு.