கொழுந்துக்கு ஒரு கூரை, குழந்தைக்கு ஒரு கூரை

எல்லவை அடுத்த மலைச்சரிவொன்றில் உள்ள தோட்டப் பாடசாலையிலே, தை மாதத்துப் பனி இன்னும் விலகாத ஒரு காலை வேளையில், பெற்றோர் கூட்டமொன்று நடைபெற்றது. வந்திருந்தவர்களுட் பெரும்பாலோர் தாய்மார். கொழுந்து பறிக்கும் தொழிலாளர். ஒவ்வொரு தாயும் அன்று அரைப்பேரை இழந்துதான் அங்கே வந்து அமர்ந்திருந்தாள் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளம்.

பேச்சு ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலையிலே தகரக் கூரையின் அடிப்புறத்திலிருந்து பனிநீர் சொட்டுகிறது. பிள்ளைகள் எழுதிய கொப்பி நனைகிறது. அரைச்சுவருக்கு மேலே அடித்திருக்கும் கம்பிவலை ஊடாகக் குளிர்காற்றுத் தடையின்றி நுழைகிறது. பதினொரு மணிக்கு வெயில் ஏறிவிட்டாலோ, அதே கூரை அடுப்பாகிறது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் தலைவலியென்று மேசையிற் கவிழ்ந்து விடுகின்றனர். இருந்த இரண்டு மின்விசிறிகளும் ஓய்ந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. மனுக்கள் எழுதப்பட்டன, பதில்களும் வந்தன, விசிறி மட்டும் சுழலவில்லை.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து கேட்டாள்: "ஸ்டோர்ல கொழுந்துக்குக் காத்து வைக்கிறாங்க, சூடு வைக்கிறாங்க, பதமாத்தான வாட்டுறாங்க. எங்க புள்ளைக கொழுந்தவிடக் கேவலமா, சேர்?"

அக்கேள்விக்கு யாரும் விடை கூறவில்லை. ஆசிரியனாகிய நானும் கூறவில்லை. ஆனால் அதற்கு ஒரு விடை உண்டு. அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றிலே கிடக்கிறது. அதனை இங்கே எடுத்துச் சொல்வது என் கடமையென்று கருதுகின்றேன்.

*

முதலில் கொழுந்தின் கதையைப் பார்ப்போம்.

1869இல் இலங்கையின் கோப்பிப் பயிரை இலைத் துரு நோய் பற்றியது. இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பி வீழ்ந்து, அது நின்ற மலைகளிலெல்லாம் தேயிலை ஏறியது. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் இம்மலைகளில் தோட்டங்களை வாங்கினார். புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளைக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. எல்லவைக் கடந்து, இன்று உலகத்து உல்லாசப் பிரயாணிகள் படம்பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலாக, 1924இல் அது பதுளையை எட்டியது. இவ்வளவும் தேயிலைப் பெட்டிகள் துறைமுகம் சேரவேண்டும் என்பதற்காகவே நிகழ்ந்தன.

கொழுந்து மிக நொய்மையான பொருள். பறித்த கணத்திலிருந்து அது மாறத் தொடங்குகிறது. அதனைப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணிநேரம் வரை மெல்லப் பரப்பி, காற்றோட்டத்தில் வாட்ட வேண்டும். காற்று ஈரமாயிருந்தால், அடுப்பிலிருந்து வெப்பக் காற்றைக் கொணர்ந்து கலக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் குறைக்க வேண்டும். ஆகவேதான் தேயிலைத் தொழிற்சாலைகள் பல மாடிகளாய், நெடுவரிசைச் சாளரங்களுடன், பெரும் விசிறிகளுடன் எழுந்தன. கொழுந்து கிடக்கும் மாடியிலே ஈரக் குமிழும் உலர் குமிழும் கொண்ட வெப்பமானி தொங்கும். காற்றின் ஈரம் இவ்வளவு, சூடு இவ்வளவு என்று இரவிலும் ஒரு மனிதன் பார்த்துக்கொண்டிருப்பான். பயிரின் நலனை ஆராய 1925இல் தனியாக ஓர் ஆராய்ச்சி நிலையமே நிறுவப்பட்டது.

ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் வீசும் வறண்ட கச்சான் காற்று கொழுந்துக்கு அரியதொரு மணத்தைத் தருகிறது. 'ஊவாப் பருவம்' என்று உலகச் சந்தை காத்திருந்து விலை கொடுப்பது அம்மணத்துக்கே. அதே கச்சான்தான் பாடசாலையின் தகரத்தைக் கிளப்புகிறது. புழுதியைக் கொணர்ந்து பிள்ளைகளின் கண்ணிலும் தொண்டையிலும் நிறைக்கிறது. ஒரே காற்று! ஒரு கூரையின் கீழ் அது செல்வமாகிறது. மறு கூரையின் கீழ் இருமலாகிறது.

மலைநாட்டின் குளிரையும் வெப்பத்தையும் வெல்லும் வித்தை இத்தோட்டங்களுக்குத் தெரியாததன்று. நூறாண்டுகளுக்கு முன்பே அது நன்கு தெரிந்திருந்தது. யாருக்காக அந்த வித்தை பயன்பட்டது என்பதே கேள்வி.

*

இனிக் குழந்தையின் கதைக்கு வருவோம்.

தொடக்கத்திலே தோட்டத்தில் பாடசாலை என்று ஒரு கட்டடம் இருக்கவில்லை. லயத்துக் காம்பரா ஒன்றின் இஸ்தோப்பிலோ, மரத்தடியிலோ, எழுத்தறிந்த ஒருவர் கூடியிருந்த பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் சில தோட்டங்களிலே பள்ளிகளை நடத்தின. 1869இல் அரசாங்கம் வித்தியா பகுதியை அமைத்தது. ஆயினும் தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே செல்ல அது நெடுங்காலம் தயங்கியது. தோட்டம் துரையின் இராச்சியம். பிள்ளை நாளைய கூலி. படித்த கூலி மண்வெட்டியைத் தொடான் என்ற அச்சம் தோட்ட முதலாளிகளிடம் வெளிப்படையாகவே இருந்தது.

1905இல் ஆரம்பக் கல்வியை ஆராய வேஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதனைத் தொடர்ந்து 1907இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்யவேண்டும். அதற்குப் பொருத்தமான ஓர் அறையை ஒதுக்கிப் பேணவேண்டும் என்று அது விதித்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும் தோட்ட உரிமையாளரின் பொறுப்பை வலியுறுத்தியது.

'பொருத்தமான அறை'! இந்த ஒரு சொல்லைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். யாருக்குப் பொருத்தமானது? எந்தக் காலநிலைக்குப் பொருத்தமானது? கொழுந்து மாடிக்கு அளவுகோல் வெப்பமானி. பாடசாலைக்கு அளவுகோல் துரையின் மனச்சாட்சி. அம்மனச்சாட்சி பெரும்பாலும் ஒரே மாதிரியான கட்டடத்தையே கட்டியது: ஒரே மண்டபம், இடையில் தட்டியில்லை, அரைச்சுவர், மேலே தகரம், ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியரும் பல தோட்டங்களிற் காலையிற் பாடம் சொல்லிவிட்டு மிகுதி நேரம் கணக்கெழுதும் வேலை பார்த்தவரே.

மெல்லிய இரும்புத் தகரத்தின் இயல்பை மாணவர் அறிவர். வெயிலை அது விரைந்து ஏற்று, கீழே இருப்பவர் தலைமேல் இறக்குகிறது. இரவில் அதே விரைவிற் குளிர்ந்து போகிறது; உள்ளேயுள்ள ஈரம் அதன் அடிப்புறத்தில் நீர்த்துளியாகத் திரண்டு விடியலிற் சொட்டுகிறது. மழை பெய்தால் ஆசிரியரின் குரல் முதல் வாங்கைக்கூட எட்டாது. கீழே ஒரு பலகைத் தட்டு, மேலே காற்றுப் போக ஒரு வழி, சற்றே நீண்ட ஒரு தாழ்வாரம் என்பவற்றைச் சேர்த்திருந்தால் இவற்றுட் பாதி தீர்ந்திருக்கும். அவை துரையின் பங்களாவில் இருந்தன.

பிள்ளையின் உடலுக்கு ஒரு கம்பளி. அந்தக் கறுப்புக் கம்பளியும் தகப்பனின் சம்பளத்திற் கழிக்கப்பட்ட கடனே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என மூவகைச் சம்பளத்தை வகுத்தது. பாடசாலையில் இருக்க வேண்டிய பிள்ளைக்குச் சட்டமே ஒரு கூலி விகிதத்தை எழுதி வைத்திருந்த காலம் அது.

*

அக்காலத்தில் உலகமெங்கும் அப்படித்தான் இருந்தது என்று கூறுவோர் உண்டு. அது உண்மையா?

இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரம் கம்பளி ஆலைகளின் நகரம். அங்கே 1894இல் மார்கரெட் மக்மில்லன் என்ற சோஷலிசப் பெண்மணி பாடசாலைச் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் அழுக்கும் பசியும் நோயுமாய் வகுப்பிலே அமர்ந்திருக்கையில் அவர்களுக்குப் பாடம் புகட்ட முயல்வது வீண் என்று அவர் வாதாடினார். பாடசாலையில் நீராடும் அறையும் காற்றோட்டமும் கதகதப்பும் வேண்டுமென்று போராடினார். 1897இல் அந்நகரத்துப் பாடசாலையொன்றிற் குளியலறைகள் திறக்கப்பட்டன. தொழிலாளர் இயக்கத்தின் நெருக்குதலால் 1906இல் பாடசாலை உணவுச் சட்டமும், 1907இல் பாடசாலைப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதிக்க வேண்டுமென்ற சட்டமும் இங்கிலாந்தில் நிறைவேறின.

1907! ஒரே ஆண்டு, ஒரே முடியாட்சி. அங்கே தொழிலாளியின் பிள்ளைக்கு வைத்தியர். இங்கே தொழிலாளியின் பிள்ளைக்குப் 'பொருத்தமான அறை'. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆங்கிலேயரின் இரக்கம் அங்கே மிகுந்து இங்கே குறைந்தது என்பதன்று. அங்கே தொழிலாளிக்கு வாக்கும் சங்கமும் இருந்தன; இங்கே இரண்டும் இல்லை. கூரையின் தரம் அதன்கீழ் இருப்பவரின் அரசியல் வலிமையைப் பொறுத்தது என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

அவ்வலிமை இங்கும் பிறந்தது. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரைத் திரட்டினர். 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் ஊவாவையே உலுக்கியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிற் பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆனால் அடுத்த ஆண்டே, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. முளைத்த பயிர் வேரோடு பிடுங்கப்பட்டது.

*

இதன் விளைவு பாடசாலையிலே உடனே தெரிந்தது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்பதற்கு 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. ஆயினும் ஏற்கப்பட்டவை மிகச் சிலவே. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் தேசியமயமாயின. தோட்டப் பாடசாலைகளோ தோட்டத்தோடேயே விடப்பட்டன. வாக்கில்லாதவரின் பிள்ளைகளை யார் நினைப்பர்? 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1977க்குப் பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி எல்லவின் கடைத்தெருவிலிருந்து பக்கத்து மலையில் உள்ள லயத்துக்கு ஏறிச்செல்ல முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின!

பின்னர் சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. ஆசிரியர் பயிற்சி பெருகியது. இவற்றைக் குறைத்துக் கூறுவது நன்றி மறத்தலாகும். ஆனால் அக்கட்டடங்களும் இன்று முதுமை எய்தி வருகின்றன. 1992இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இன்று பாடசாலை அரசினது. அதைச் சூழ்ந்த நிலமோ கம்பெனியின் பொறுப்பிலுள்ளது. மதிற்சுவர் இடிந்தாலும் நீர்க்குழாய் உடைந்தாலும் இரு அலுவலகங்களுக்கிடையே ஒரு கடிதம் பயணம் செய்கிறது.

காலநிலையும் முன்போல் இல்லை. எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அதற்குள் மலைக்குளிர் முடிந்து சமவெளியின் வேனல் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரேவிதக் கட்டடம் எப்படிப் பொருந்தும்? 2024இல் வெப்பத்தின் கொடுமையாற் பிலிப்பைன்ஸிலும் வங்காளதேசத்திலும் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டிற் காலநிலைச் சீற்றங்களால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடி மாணவரின் படிப்புத் தடைப்பட்டதென யுனிசெப் கணக்கிட்டது. எங்கள் மண்டபத்தின் ஓய்ந்த விசிறிகளும் அந்தப் பெருங்கணக்கைச் சேர்ந்தவையே.

நம் மாகாணத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். உயிர் பிழைத்தவர்கள் முதலிற் பாடசாலைகளிலும், பின்னர் நெடுங்காலம் மாகல்தெனியவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்க வைக்கப்பட்டனர். கொழுந்துக்கென்று எழுப்பிய மாடியிலே மனிதர் குடியேற ஒரு மலையே சரிய வேண்டியிருந்தது.

*

ஆகவே, அந்தத் தாயின் கேள்விக்கு நான் இன்று இவ்வாறு விடை கூறுவேன்: உன் பிள்ளை கொழுந்தைவிடக் கேவலமானவன் அல்லன், அம்மா. கொழுந்துக்குச் சந்தையில் விலை இருந்தது. உன் பிள்ளைக்குச் சபையிலே குரல் இல்லை. கூரைகள் இரண்டும் வேறுபட்டது அதனாலேயே.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. அத்தாயின் பாட்டி துரையிடம் போய்ப் பள்ளிக்கூடத் தகரம் ஒழுகுகிறது என்று கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தால் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு அனுப்பியிருப்பார்கள். 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்றோர் என்ற இழிநிலை நீங்கியது. இன்று அவள் பிரஜை, பாடசாலை பொதுச்சொத்து, அவளுடைய சலிப்பும் கோபமும் ஓர் உரிமையாளரின் கோபம். அரைப்பேரை இழந்து கூட்டத்துக்கு வந்தவளைக் 'குறை கூறுபவள்' என்று நாம் ஒதுக்கினால், போராடிப் பெற்றதொன்றை அலட்சியம் செய்தவர்களாவோம்.

செய்யவேண்டியவை பெரியனவல்ல. கூரையின்கீழ் ஒரு தட்டு, மேற்சுவரிற் காற்றுவழி, அரைச்சுவரை முழுச்சுவராக்கிக் கண்ணாடிச் சாளரம், தேயிலைச் செடிக்கு நிழல் வளர்ப்பதுபோற் பாடசாலையைச் சுற்றியும் நிழல்மரம், பழுதுபார்ப்பதற்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கிய பணம். இவற்றோடு, ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு வெப்பமானி. காலையிலும் நண்பகலிலும் அது காட்டும் அளவை மாணவரே ஏட்டில் எழுதட்டும். விஞ்ஞான பாடமும் அதுவே. அடுத்த மனுவுக்குச் சான்றும் அதுவே. 'பொருத்தமான' என்ற அந்தப் பழைய சொல்லுக்குப் பொருள் எழுதும் உரிமை இனித் துரைக்கோ அதிகாரிக்கோ மட்டும் உரியதன்று.

எங்கள் பாடசாலையில் அந்த ஏடு தொடங்கிவிட்டது. முதற் பக்கத்திலே, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திகதியிட்டு எழுதியிருக்கிறாள்: காலை எட்டு மணி, பதினான்கு பாகை. ஆசிரியத் தோழர்கள் தத்தம் பாடசாலைகளிலும் அத்தகைய ஏடொன்றைத் தொடங்குவார்களாக.