பேஸ்மெண்ட் இல்லாத வீடு

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை விடாதவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து மகள் பேசினாள். சிகாகோவிலிருந்து டெக்சாஸ் போய் ஒரு வருடம் ஆகிறது. டாலஸ் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டப்போகிறார்கள். "அம்மா, இந்த ஊர்ல வீட்டுக்குப் பேஸ்மெண்ட் கிடையாது" என்றாள். எனக்குத் திக்கென்றது. "பேஸ்மெண்ட் போடாம வீடா? மழைத்தண்ணி உள்ள வந்துடுமேடி!" என்றேன். நம்மூர்க் கொத்தனாருக்குப் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு மேலே எழுப்புகிற மட்டம். அவர்களுக்கு அது தரைக்குக் கீழே தோண்டுகிற அறை. இரண்டு பேரும் சிரித்து ஓய்ந்தோம்.

பிறகு வாட்ஸ்அப்பில் வரைபடம் வந்தது. முதல் வரைபடத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குள் 'அம்மா' என்று எழுதியிருந்தாள். இதில் அந்த இடத்தில் துணி துவைக்கும் அறையும் சாமான் அறையும் இருந்தன. 'அம்மா' மாடிக்குப் போயிருந்தாள். "பரவாயில்லையாம்மா?" என்று கேட்டிருந்தாள். என் முழங்கால் விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. வேறு என்ன செய்வேன், வரலாற்றைப் புரட்டினேன்.

குளிர் நாட்டில் நிலவறை வந்ததற்குக் காரணம் மண். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து, மண்ணையே மேலே தள்ளும். அஸ்திவாரம் அந்த உறையும் ஆழத்தையும் தாண்டிப் போகவேண்டும். சிகாகோவில் அது சுமார் மூன்றரை அடி. அவ்வளவு தோண்டியவன் இன்னும் நாலடி தோண்டினால் ஓர் அறையே கிடைத்துவிடும். நிலக்கரி கொட்டவும் இடம் வேண்டும். உலை கீழே இருந்தால்தான் சூடான காற்று தானாக மேலேறி அறைகளுக்குப் போகும். அப்புறம் உருளைக்கிழங்கு, ஊறுகாய் ஜாடி, பழைய தொட்டில் எல்லாம் அங்கேயே இறங்கின. நம் வீட்டுப் பரண் செய்த வேலையை அங்கே நிலவறை செய்தது.

இதை முதலில் சீண்டியவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். 1937இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், ஜேக்கப்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் குடும்பத்துக்கு 5,500 டாலரில் ஒரு வீடு கட்டினார். கொதிகலனுக்கு மட்டும் ஒரு சின்னக் குழி, மற்றபடி நிலவறை கிடையாது. கான்கிரீட் தளத்தின் அடியில் குழாய் ஓடவிட்டுத் தரையையே சூடாக்கினார். கொரியர்களின் சூடான தரையை ஜப்பானில் ஒரு பிரபுவின் வீட்டில் பார்த்ததிலிருந்து அவர் மனதில் இருந்த யோசனை அது.

ஆனால் அது ஒரு வீடு. ஆயிரக்கணக்கில் கட்டியவர் வில்லியம் லெவிட். இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் திரும்பியபோது குடியிருக்க வீடில்லை. கல்யாணமான பிள்ளைகள் பெற்றோர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை லெவிட் குடும்பம் வாங்கிப்போட்டது. நேராகத் தரையில் கான்கிரீட் ஊற்றி அதன்மேல் கட்டினால் மலிவாகவும் வேகமாகவும் முடிக்கலாம் என்பது கணக்கு. ஹெம்ஸ்டெட் நகராட்சி விதியோ ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறை வேண்டும் என்றது. 1947 மே மாதம் நடந்த விசாரணைக்கு முன்னாள் வீரர்கள் திரண்டு வந்து மண்டபத்தை நிறைத்தார்கள். விதி மாறியது. அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. 1951க்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள்.

எனக்குச் சுவையாக இருந்தது அந்த வீட்டின் வரைபடம்தான். கீழே சுமார் 750 சதுர அடி, அவ்வளவே. நிலவறையில் இருந்ததெல்லாம் மேலே வந்தாகவேண்டுமே, எங்கே வைப்பது? கொதிகலனைச் சமையலறைக்குள் வைத்தார்கள். துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேதான். கொல்லைப்பக்கம் கிடந்த சமையலறையையே வாசல் பக்கம் கொண்டுவந்தார்கள். கூரைக்கடியில் இருந்த இடத்தை முடிக்காமல் விட்டு, குடும்பம் பெருகினால் நீங்களே அறை கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு பலர் அப்படியே கட்டிக்கொண்டார்கள். கான்கிரீட்டுக்குள் புதைத்த செப்புக் குழாய்தான் பின்னாளில் பாடாய்ப் படுத்தியது. கசிந்தால் தரையை உடைக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் விட மனமில்லை. அந்த ஆரம்பகால வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: வெள்ளையர் அல்லாதவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு. 1948இல் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்தத்திலிருந்து அந்த வரி போன பின்னும் வழக்கம் போகவில்லை. கொதிகலனுக்கு அத்தனை யோசித்து இடம் கண்டுபிடித்தவர்கள்! போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரனுக்கு அங்கே இடமில்லை. இதைப் படித்தபோது, வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் நம்மூரில் முதலில் கேட்கிற கேள்வியையும் நினைத்துக்கொண்டேன். பிறகு டாலஸில் என் மகள் மனை வாங்கியதையும்.

டாலஸில் மண் ஆழமாக உறைவதில்லை, அதனால் ஆழத் தோண்ட அவசியமில்லை. போதாக்குறைக்கு அது மழையில் உப்பி வெயிலில் சுருங்குகிற களிமண். நம் கரிசலைப் போல. அங்கே தரையோடு ஒரே கான்கிரீட் தளம் போட்டு, உள்ளே ஓடும் எஃகுக் கம்பிகளை இழுத்து முறுக்கி நிறுத்துகிறார்கள். அதெல்லாம் சரி. சிகாகோ நிலவறையில் இருந்தது எங்கே போகும் என்றுதான் மகளிடம் கேட்டேன். மாப்பிள்ளை பட்டியல் போட்டார். உடற்பயிற்சி சைக்கிள், நாலு சூட்கேஸ், கொலு பொம்மைப் பெட்டிகள், குழந்தையின் பழைய கார் சீட், திறக்காத ஏழு அட்டைப்பெட்டி. அந்த ஏழில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவற்றுக்காகத்தான் நான் மாடியேறப் போகிறேன்!

நேற்று கட்டம் போட்ட தாளில் ஒரு வரைபடம் போட்டு அனுப்பினேன். துவைக்கும் இயந்திரம் மாடிக்கு, அழுக்குத் துணி சேருகிற இடமும் அதுதானே. கொலுப் பெட்டியும் சூட்கேஸும் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பரண் கட்டி அதற்கு. கீழே நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, சுழற்காற்று எச்சரிக்கை வந்தால் எல்லாரும் ஒதுங்க. அதை ஒட்டி என் அறை. "டீச்சர், மார்க் போடட்டுமா?" என்று மாப்பிள்ளை கேலி செய்கிறார். ஆனால் மாடியில் இயந்திரம் வைத்தால் தண்ணீர் கசிந்து கீழ்க்கூரை கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார்.

சிவில் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். அந்தப் பயம் நியாயமா, அதற்கு என்ன தடுப்பு என்று கீழே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் வரைபடத்தைக் கொடுத்தாக வேண்டும்.