வில் ஆலனின் தோட்டமும் நம் பள்ளித் தோட்டமும்



முன்பு நான் பணியாற்றிய பள்ளியில், கட்டடத்துக்குப் பின்னாலிருந்த சிறு நிலத்தில் மாணவர்களோடு கீரையும் வெண்டையும் பயிரிட்டு வந்தேன். விளைந்தவை அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்றன. நான்கு ஆண்டுகள் செழித்த அத்தோட்டம், நான் மாற்றலாகிச் சென்ற ஓராண்டுக்குள் லாலாங் மண்டிப் போயிற்று. அந்த மனவருத்தத்தோடு இருந்தபோதுதான் வில் ஆலன் என்பவரின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த தொழில் நகரம் மில்வாக்கி. தென் மாநிலங்களில் வெள்ளையரின் நிலங்களை வாரத்துக்கு உழுது வந்த கறுப்பின மக்கள், இருபதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மில்வாக்கியின் ஆலைகளும் அவர்களுக்கு வேலை தந்தன. பின்னாளில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வறுமை சூழ்ந்த பகுதிகளில் காய்கறி விற்கும் கடைகள் அருகின; பொரித்த உணவும் டின் உணவும் எளிதில் கிடைத்தன. உழவர் வழிவந்தோரே பசுங்காய்கறிக்கு நெடுந்தொலைவு செல்லும் நிலை ஏற்பட்டது. தோட்டப்புறத்திலிருந்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறேன்.

வில் ஆலனின் தந்தையும் தென் கரோலினாவில் வாரத்துக்கு உழுதவரே. மகன் உழவை விட்டு விலகிக் கூடைப்பந்து வீரரானார். மியாமிப் பல்கலைக்கழக அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். பெல்ஜியத்தில் ஆடிய காலத்தில், அந்நாட்டு உழவர்களின் வாழ்வைக் கண்டு, மண்ணின் மீதிருந்த பற்று அவருக்குத் திரும்பியது. 1993இல் மில்வாக்கியின் வடபகுதியில், கண்ணாடிக் குடில்கள் கொண்ட ஒரு பழைய செடிப்பண்ணையை விலைக்கு வாங்கினார். அருகிலேயே ஏழைகளுக்கான பெரிய அரசாங்கக் குடியிருப்பு ஒன்று இருந்தது.

காய்கறி விற்பதே அவருடைய முதல் எண்ணம். அப்பகுதி இளையோர் தோட்டவேலை கற்க வந்தபின், பண்ணை பள்ளியாகவும் ஆயிற்று. ‘குரோயிங் பவர்’ என்னும் அறநிறுவனம் இவ்வாறு உருவானது. கடைகள் கழித்த காய்கறிகளையும் பீர் ஆலைகளின் தானியச் சக்கையையும் திரட்டி மட்கச் செய்தார்கள். மண்புழுக்களைக் கொண்டு அதை நல்லுரமாக்கினார்கள். மட்கும் குவியலின் வெப்பம் குளிர்காலத்தில் குடில்களுக்குக் கதகதப்பைத் தந்தது. மீன் தொட்டியின் நீர் மேலேயுள்ள பாத்திகளுக்கு ஏறிச் செடிகளுக்கு உணவூட்டி, தூய்மையாகி மீண்டும் தொட்டிக்கு இறங்கியது. விளைந்த காய்கறிகள் பைகளில் நிரப்பப்பட்டு, குறைந்த விலையில் குடியிருப்புகளுக்குச் சென்றன.

2008இல் ஆலனுக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. 2010இல் மிச்செல் ஒபாமா சிறுவர் உடல்நல இயக்கத்தைத் தொடங்கியபோது, ஆலனும் மேடையில் இருந்தார்.

நிறுவனம் பல இடங்களுக்கு விரிந்தது. ஆனால் பெரும்பங்கு நல்கைகளையும் ஆலன் ஒருவரின் உழைப்பையும் நம்பியே அது நின்றது. கடன் பெருகியது, வழக்குகள் தொடர்ந்தன. 2017 நவம்பரில் ஆலன் விலகினார், நிறுவனமும் கலைக்கப்பட்டது.

இதைப் படித்தபோது என் லாலாங் காடு நினைவில் எழுந்தது. எனினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. சிகாகோக் கிளையை நடத்திய மகள் எரிக்கா ஆலன், அதே 2017இல் ‘அர்பன் குரோவர்ஸ் கலெக்டிவ்’ என்னும் அமைப்பை உடன் பணியாற்றிய ஒருவரோடு சேர்ந்து தொடங்கினார். ஆலனிடம் உரமிடக் கற்றவர்கள் வேறு நகரங்களிலும் பயிர் செய்கிறார்கள். அவர் கட்டிய நிறுவனம் கலைந்தபின்னும், அவர் கற்பித்த தொழில் கைமாறியிருந்தது.

நான் என் மாணவர்களுக்கு எதைக் கைமாற்றினேன்? விதை எங்கே கிடைக்கும், எப்போது உரமிட வேண்டும், யார் யாருக்குக் கீரை கொடுக்க வேண்டும் என்பவை என் மனத்தில் மட்டுமே இருந்தன. நீர் ஊற்றும் வேலையை மட்டுமே பிள்ளைகளிடம் விட்டிருந்தேன். அத்தோட்டம் அழிந்ததற்கு எனக்குப் பின்வந்தவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை.

இப்போதுள்ள பள்ளியில் ஒவ்வொரு பாத்திக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரும் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரும் பொறுப்பு. மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தர வேண்டும். நட்ட நாள், உரமிட்ட நாள், செலவு, கீரை பெற்ற வீடுகள் ஆகிய அனைத்தையும் பிள்ளைகளே குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். தமிழ்க் கட்டுரைக்கும் அது நல்ல பயிற்சி. பெற்றோர் இருவரும் கணக்கைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் நான் ஒரு வாரம் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது பாத்திகள் ஈரமாயிருந்தன. குறிப்பேட்டில் ஒரு நாளும் விடுபடவில்லை.