குதிரைக்கு வந்த வைத்தியம்

நாய்க்கு பிசியோதெரபியா என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1831-ல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். அவ்வகை மின்சாரத்தை இலேசாகச் செலுத்தினால் தசை தானே சுருங்கி விரியும். மருத்துவர்கள் இதைச் சிகிச்சையாக்கினார்கள். லண்டனில் இதில் பெயர் பெற்றவர் சார்லஸ் ஸ்ட்ராங். 1939-ல் அவரிடம் குணமடைந்தார் மவுண்ட்பேட்டன். பின்னாளில் நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தவரேதான். போலோ பிரியரான அவர், குதிரைகளுக்கும் இதைச் செய்து பாருங்கள் என்று ஸ்ட்ராங்கைத் தூண்டினார். 1980-களில் இங்கிலாந்தில் விலங்குகளுக்கான பிசியோதெரபிஸ்டுகள் சங்கமே அமைத்துவிட்டார்கள். குதிரையிலிருந்து நாய்க்கு வந்தது அப்படித்தான்.

எங்கள் மணிக்குப் பதின்மூன்று வயது. பின்னங்கால்கள் மொசைக் தரையில் வழுக்க ஆரம்பித்தபோது, "ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள்" என்றார் உறவினர் ஒருவர். எனக்கு மனம் வரவில்லை. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, "மூட்டுத் தேய்மானம் போகாது சார், தசையைக் காப்பாற்றலாம்" என்றார்.

தினமும் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், பிறகு காலை மெதுவாக மடக்கி நீட்டுதல், தரையெங்கும் ரப்பர் பாய். வாரம் இருமுறை தொட்டியில் நடை. இடுப்பளவு தண்ணீரில் கால் சுமக்கும் எடை பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

இரண்டு மாதமாகிறது. வாசல்படி மூன்றையும் மணி தானே இறங்குகிறது. உங்கள் வீட்டு நாயும் நொண்டினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்; எலும்பு முறிவோ வீக்கமோ இருந்தால் இவையே கெடுதலாகும்.