கொல்லுலையும் துப்பாக்கிக் கடையும்: வாழப்பாடிப் பகுதியை முன்வைத்து

சேலம் – ஆத்தூர் சாலையிலுள்ள வாழப்பாடியின் வடபுறம் அருநூற்றுமலையும் வடகிழக்கில் கல்வராயன் மலையும் உயர்கின்றன. அடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுவோர்க்குக் காட்டுப்பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கியும் ஒரு வேளாண் கருவியே. குழலின் வாய்வழியே கரிமருந்தும் ஈயக்குண்டும் இட்டு இடிக்கும் அவ்வகைத் துப்பாக்கியைச் செய்யும் திறன் கொல்லருடையது. கடையோ அவர்க்கு வாய்க்கவில்லை.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் தடுத்தது. உரிமம் பெறுதற்குக் கைத்திறன் மட்டும் போதவில்லை. முதலும் கணக்கேடும் ஆட்சியர் அலுவலகத்தில் செல்வாக்கும் வேண்டின. இவை வணிகரிடம் இருந்தன. தொழில்மரபு சாராத உரிமையாளர் அதற்கு முன்னரும் உண்டு: கல்கத்தாவில் 1835இல் தோன்றிய நரசிங் சந்தர் தாவ் துப்பாக்கி நிறுவனத்தார் வாசனைப்பொருள் வணிக மரபினர். அத்தகைய விதிவிலக்கைச் சட்டம் பொதுவழக்காக்கிற்று எனலாம்.

விடுதலைக்குப் பிந்தைய 1959ஆம் ஆண்டுச் சட்டம் இம்முரணைத் தீர்க்கவில்லை, கூர்மையாக்கியது. அதன் 13ஆம் பிரிவு, பயிர்க்காப்பிற்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கியை வெளிப்படையாகவே ஏற்கிறது. உழவரின் தேவை இவ்வாறு முறையானதாயிற்று. 5ஆம் பிரிவோ உரிமமற்ற உற்பத்தியைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, மிகுதியாக வாழ்நாள் சிறை. பழுதுபார்த்தலும் அப்பிரிவுள் அடங்கும். ஆகவே, முறையான உரிமம் பெற்ற உழவரின் துப்பாக்கியில் தேய்ந்த விசையைச் சீராக்கித் தரும் ஊர்க் கொல்லரும் உரிமம் இல்லாதவிடத்துக் குற்றவாளியே.