காசும் உறையும்: பழைய நாணயங்களின் நிறமாற்றம் ஒரு வரலாற்றுச் சான்று

முன்னுரை

நாணயவியல் ஆய்வில் எழுத்து, உருவம், எடை, உலோகம் ஆகியவையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. நாணயத்தின் மேற்பரப்பில் படிந்த நிறம் பெரும்பாலும் அழுக்கெனக் கருதப்பட்டுத் துடைக்கப்படுகிறது. அந்நிறம் நாணயம் பேணப்பட்ட முறையைக் காட்டும் சான்று என்பதையும், துடைத்தபின் அதனை மீட்க இயலாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கருங்குழிப் பகுதியின் நாணயப் புழக்கம்

1759ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய கருங்குழிக் கோட்டை, ஆர்க்காட்டு நவாபு 1763இல் கம்பெனிக்கு வழங்கிய செங்கல்பட்டு ஜாகீர்ப் பகுதியில் அமைந்தது. அருகிலுள்ள கடற்கரையில் ஆலம்பரை நாணயச்சாலை இயங்கியது. ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கப்பட்டு, 1760இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பொன் வராகனும் வெள்ளி ரூபாயும் செப்புக்காசும் இப்பகுதியில் ஒருசேரப் புழங்கின. வங்கிகள் பரவாத காலத்தில் மக்கள் அவற்றை மண்கலத்திலும் மரப்பெட்டியிலும் சுருக்குப்பையிலும் துணி முடிப்பிலும் காத்தனர்.

நிறம் தோன்றும் முறை

பொன் எளிதில் நிறம் மாறுவதில்லை. வெள்ளி, காற்றிலும் உறைப்பொருளிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து சல்பைடு படலத்தை உருவாக்குகிறது. படலம் தடிக்கத் தடிக்க, ஒளியலைகளின் குறுக்கீட்டால் மஞ்சள், செம்மை, நீலம் என நிறங்கள் தோன்றி, இறுதியில் கருமை படிகிறது. எனவே நிறத்தின் வரிசை, கந்தகம் எத்திசையிலிருந்து வந்தது என்பதை உணர்த்தும். அட்டைத் தொகுப்பேட்டின் துளையில் பொருத்திய நாணயத்தில் விளிம்பு முதலில் நிறம் மாறி, நடுப்பகுதி வெண்மையாகவே நிற்கும். தாளில் சுற்றிய அடுக்கில் இருமுனை நாணயங்களே மிகுதியாக நிறம் கொள்ளும். முரட்டுத் துணிப்பையில் கிடந்தவற்றில் நெசவின் தடம் பதிவதுண்டு. செம்பிலோ, கடற்கரைக் காற்றின் குளோரைடும் ஈரமும் சேர்ந்து பச்சைத் தூளாக உதிரும் அரிப்பை உண்டாக்குகின்றன. நெகிழியான பி.வி.சி. உறைகளும் நாளடைவில் பசைத்தன்மையுள்ள பச்சைப் படிவை விடுகின்றன.

உலோகக் கலவையும் கருதத்தக்கது. 1835ஆம் ஆண்டுக் கம்பெனி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி உண்டு. 1940 முதல் வெளிவந்த ரூபாயில் வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40 விழுக்காடு. ஒரே பெட்டியில் இருந்தாலும் இவ்விரண்டும் ஒரே நிறம் கொள்வதில்லை.

பாதுகாப்பும் பதிவும்

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ ஆடி 1973இல் வெளியிட்ட சோதனை, உறைப்பொருளை உலோகத் துண்டுகளோடு மூடி வைத்து அதன் தீங்கை அறிய உதவுகிறது. இன்று வழங்கும் வடிவில் அது 60 பாகை செல்சியசில் 28 நாள் நடைபெறுகிறது. இவ்வறிவு புதிய உறையைத் தேர்வதற்குப் பயன்படுகிறது. பழைய உறையை ஆவணமாகக் கொள்ளும் வழக்கமோ இன்னும் வேரூன்றவில்லை.

முடிவுரை

வெப்பத்தாலும் கந்தகத்தாலும் நிறத்தைப் போலியாக உண்டாக்க முடியும். ஆகவே உறையை இழந்த நாணயத்தின் நிறம் மட்டும் வலுவான சான்றாகாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி ஆட்சியரிடம் வரும் காசுகளோடு, அவை இருந்த கலம், துணி, தாள் ஆகியவற்றையும், அடுக்கப்பட்டிருந்த முறையையும் தூய்மை செய்வதற்கு முன்பே பதிவு செய்தல் வேண்டும். காசை வெளியிட்டவர் யார் என்பதை அதன் எழுத்து சொல்லும். அதனைக் காத்தவர் எவ்வாறு காத்தார் என்பதை நிறமும் உறையும் சேர்ந்தே சொல்லும்.