புல்தரையும் குடிநீரும்: பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டின் மூன்று கட்டங்கள்

முன்னுரை

அழகுக்காகவும் விளையாட்டுக்காகவும் வளர்க்கப்படும் புல்லுக்கும் களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி தெளிக்கப்படுகின்றன. கோல்ஃப் மைதானத்தில் பந்தைக் குழிக்குள் தள்ளும் பகுதியில் புல் ஒட்ட வெட்டப்படுவதால் நோய் எளிதில் தாக்குகிறது. மருந்தும் அங்கே மிகுதி. அது குடிநீரில் கலக்காமல் காக்க 1980களின் நடுவிலிருந்து மூன்று நாடுகள் எடுத்த முயற்சிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. நீரைச் சோதிப்பதில் தொடங்கிய பாதுகாப்பு, தெளிப்பதையே கட்டுப்படுத்தும் நிலைக்கு வளர்ந்தது. அதுவே சரியான வழி.

அமெரிக்கா: கிணறு சொன்ன செய்தி

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பம் பனியாறுகள் விட்டுச்சென்ற மணலால் ஆனது. மேலே விழும் நீர் அங்கே விரைந்து கீழிறங்கும். அப்பகுதியின் நிலத்தடி நீரை அதன் ஒரே குடிநீர் ஆதாரமாகக் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1982இல் அறிவித்தது. பின்னர் அங்குள்ள நான்கு கோல்ஃப் மைதானங்களில் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி நீரைச் சோதித்தனர். 1990இல் வெளியான முடிவுகளின்படி, பெரும்பாலான மருந்துகள் கிடைக்கவில்லை, அல்லது மிகக் குறைந்த அளவிலேயே இருந்தன. உடல்நல வரம்பைக் கடந்தது குளோர்டேன் என்னும் பூச்சிக்கொல்லி மட்டுமே. புல்தரைக்கு அதைப் பயன்படுத்துவது முன்பே நின்றுபோயிருந்தது. ஆனால் அது பல்லாண்டு மண்ணில் தங்கக்கூடியது. ஒரு மருந்தின் தீங்கைக் கிணறு காட்டும்போது அதைத் திரும்பப் பெற வழியில்லை என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது.

ஜப்பான்: வடிகால் வாயில் வரம்பு

சுற்றுலா ஓய்விடங்களை ஊக்குவிக்க 1987இல் இயற்றப்பட்ட ஓய்விடச் சட்டத்தையொட்டி ஜப்பானின் மலைச்சரிவுகளில் கோல்ஃப் மைதானங்கள் பெருகின. ஆற்றின் மேற்பகுதியில் தெளிக்கப்படும் மருந்து கீழே தங்கள் குடிநீரில் சேரும் என்று மக்கள் எதிர்த்தனர். 1990இல் சுற்றுச்சூழல் முகமை 21 மருந்துகளுக்கு வழிகாட்டு வரம்புகளை வெளியிட்டது. 2001இல் பட்டியல் 45 ஆனது. மைதான வடிகாலில் அனுமதிக்கப்பட்ட அளவு, குடிநீருக்கான அளவைப்போல் பத்து மடங்கு. ஆற்றில் கலந்ததும் மருந்து நீர்த்துவிடும் என்ற கணக்கே அதற்கு அடிப்படை. கோடையில் சுருங்கும் சிற்றோடைக்கு அக்கணக்கு பொருந்துமா என்பது நியாயமான ஐயம். 1990இலேயே சிபா மாகாணம் ஒருபடி மேலே சென்று, புதிய மைதானங்கள் மருந்தே இன்றி இயங்க வேண்டும் என்றது.

கனடா: தெளிப்பதற்கு முன்பே தடை

கியூபெக்கின் ஹட்சன் என்னும் சிற்றூர் 1991இல் அழகுக்காக மருந்து தெளிப்பதைக் கட்டுப்படுத்தியது. புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் உச்ச நீதிமன்றம், தீங்கு முழுதாக நிரூபணமாகும் முன்பே தடுக்கலாம் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் சுட்டிக்காட்டி, ஊரின் பக்கம் நின்றது. 2009இல் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் தடை வந்தது. அதன்பின் நகர ஓடைகளில் 2,4-டி, டைகாம்பா, மெக்கோப்ராப் ஆகிய களைக்கொல்லிகளின் அளவு கணிசமாகக் குறைந்ததை நீராய்வுகள் பதிவு செய்தன. ஆனால் கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனையுடன் விலக்கு அளிக்கப்பட்டது: ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைச் சான்று பெற வேண்டும், ஆண்டுதோறும் பயன்பாட்டைப் பொதுவில் அறிவிக்க வேண்டும்.

முடிவுரை

சோதனையும் வரம்பும் தேவையானவை. ஆயினும் அவை மருந்து மண்ணில் இறங்கிய பிறகே செயல்படுகின்றன. ஒன்டாரியோவின் ஓடைகள் தெளிப்பைக் குறைத்தால் நீர் தேறும் என்று காட்டின. ஆகவே மணற்பாங்கான நிலத்திலும் குடிநீர் ஆதாரங்களின் மேற்புறத்திலும் விளையாட்டு மைதானங்களுக்குத் தரப்படும் விலக்கு நீக்கப்பட வேண்டும். புல்லில் தோன்றும் சில பழுப்புத் திட்டுகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் ஊரின் ஒரே குடிநீர் கெடுவதைப் பொறுக்க இயலாது.